காலில் கட்டி: கத்தி வைக்க முன் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

காலில் வந்த கட்டி பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அநேகமான கட்டிகள் ஆபத்தில்லாதவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் தசை, கொழுப்பு, நரம்பு, தசைநாண் போன்ற மென்திசுக்களில் உண்டாகும் சார்கோமா என்ற புற்றுநோய் பாதத்திலும் வரும். வளர்ந்தோருக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா 100க்கு 1 அளவுதான். அதிலும் பாதத்தில் வருவது சிறு பங்கு. இப்படி அரிதாக வருவதால்தான் முதலில் யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. நினைப்பு வராமல் செய்யப்படும் முதல் ஒப்பரேசனே பலருக்குக் காலைக் காப்பாற்ற முடியாத நிலையைக் கொண்டுவருகிறது. அதனால் கீழே ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஸ்கேன், பிறகு ஊசிப் பயொப்சி (ஊசியால் சிறு திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது), அதன் பிறகே கத்தி.

கேள்வி: தம்பிக்கு 24 வயது. இடது உள்ளங்காலின் வளைவில் இரண்டு வருடத்துக்கு முதல் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. இப்போது சின்னத் தேசிக்காய் அளவு. சப்பாத்துப் போட்டால் நோகிறது. ஒரு தனியார் கிளினிக்கில் "கங்கிலியன்தான், விறைப்பூசி போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்" என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: இப்போது எடுக்கவேண்டாம். உள்ளே இருப்பது நீரா, திண்மமா என்று ஸ்கேனில் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கங்கிலியன் என்பது எலும்பு மூட்டையோ தசைநாண் உறையையோ ஒட்டி வரும் நீர்க்கட்டி. அது பெரும்பாலும் புறங்காலிலும் கணுக்காலைச் சுற்றியும்தான் வரும். ஒரு கிழமை பெருக்கும், மறு கிழமை வற்றும். இருட்டறையில் சின்ன டோர்ச்சை அதன் ஓரத்தில் அழுத்திப் பிடித்தால் கட்டி முழுவதும் செம்மஞ்சளாக ஒளிரும். தம்பியின் கட்டி இருப்பதோ உள்ளங்காலில். அங்கே தோலும் சவ்வும் தடிப்பு, டோர்ச் சோதனை ஏமாற்றிவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஐந்து நிமிட வேலை. உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தால் அதில் கறுப்பாகத் தெரியும், இரத்த ஓட்டம் இராது. திண்மமாகவோ, பாதி நீரும் பாதித் திண்மமுமாகவோ, உள்ளே இரத்த ஓட்டத்துடனோ தெரிந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

"சின்னக் கட்டிதானே" என்று ஆறுதல்படவேண்டாம். 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சந்தேகப்படு என்பது தொடைக்கும் புயத்துக்கும் பொருந்தும் விதி. பாதத்தில் சதை குறைவு. 2 சென்ரிமீற்றர்க் கட்டியே வெளியில் தெரியும், சப்பாத்தில் தட்டும். பாதத்தில் கண்டுபிடிக்கப்படும் சார்கோமாக்களில் கணிசமானவை 5 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவைதான். "இரண்டு வருடமாக இருக்கிறதே, புற்றுநோய் என்றால் இதற்குள் பரவியிருக்காதா" என்பதும் சரியான கணக்கல்ல. பாதத்தில் கூடுதலாகக் காணப்படும் சைனோவியல் சார்கோமா 15 முதல் 40 வயதுக்காரரையே அதிகம் பிடிக்கும். வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, பிறகு திடீரென்று வேகமெடுக்கும். நோவு இருப்பதையும் நல்ல அறிகுறியாக எடுக்கவேண்டாம். இந்த வகை நோவுடனேயே வருவதுண்டு.

உள்ளங்கால் வளைவில் திண்மமான கட்டிகளில் கூடுதலானவை பிளான்ரர் ஃபைப்ரோமா என்ற ஆபத்தில்லாத சவ்வுத் தடிப்புகள்தான். பெரும்பாலும் நடுவயதில் வரும், பலருக்கு இரண்டு காலிலும் வரும். ஆனால் வளர்ந்துகொண்டு போகும் கட்டியைத் தொட்டுப் பார்த்து மட்டும் இது அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளினிக்கில் இப்படிக் கேளுங்கள்: "ஸ்கேன் ரிப்போர்ட் என்ன சொல்கிறது? எடுத்த துண்டைப் பத்தோலஜிக்கு (திசுவைச் சோதிக்கும் ஆய்வுகூடத்துக்கு) அனுப்புவீர்களா? புற்றுநோய் என்று வந்தால் அடுத்த ஒப்பரேசனை யார் செய்வார்?" இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத இடத்தில் கட்டியை வெட்டக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கும்போது குதிக்கு மேலே முள் ஏறி நான்கு வருடம். முள்ளை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு கட்டி. பரியாரியார் பத்துப் போட்டு உருவிவிடச் சொல்கிறார். குத்தின காயம் புற்றுநோயாக மாறுமா?
– விவசாயி, சாவகச்சேரி

பதில்: குத்தின காயம் சார்கோமாவை உண்டாக்கியதற்கு ஆதாரம் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கனவே இருந்த கட்டி கையில் படுவதுதான் அநேகமாக நடப்பது. உங்கள் விஷயத்தில் முதலில் தேடவேண்டியது உள்ளே தங்கிப்போன முள் துண்டு. மரம், முள், பனஞ்சிராம்பு எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். ஆனாலும் எக்ஸ்ரேயும் எடுக்கவேண்டும். எலும்பு அரிபட்டிருக்கிறதா, கட்டிக்குள் சுண்ணாம்புப் புள்ளிகள் படிந்திருக்கின்றனவா என்று அதில் பார்க்கலாம். சைனோவியல் சார்கோமாவில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்தப் புள்ளிகள் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மண்ணில் வேலை செய்யும் கால்களில் மதுரா கால் என்ற தொற்று வரும். பங்கசு அல்லது ஒருவகைப் பற்றீரியா முள் குத்தின வழியாக உள்ளே போய், நோவில்லாமல் வருடக்கணக்கில் வீங்கும். பிறகு சிறு துவாரங்கள் விழுந்து சீழோடு கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் நிறத் துகள்கள் வரும். ஸ்கேனில் இது புற்றுநோய் போலவும் தோன்றலாம். அதனால் பயொப்சி எடுக்கும் நாளில் ஒரு துண்டை ஃபோமலினில் (திசு கெடாமல் காக்கும் திரவத்தில்) பத்தோலஜிக்கும், இன்னொரு துண்டைக் கிருமி நீக்கிய சேலைனில் நுண்ணுயிர் ஆய்வுகூடத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபோமலினில் போட்ட துண்டில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. இந்த ஒரு கவனக்குறைவால் இரண்டாம் முறை ஊசி ஏற்றவேண்டி வருவதுண்டு.

பத்தும் உருவலும் வேண்டாம். பத்துப் போட்டுத் தோல் வெந்துபோனால் ஊசி ஏற்ற நல்ல தோல் இராது. உருவினால் உள்ளே இரத்தம் கசிந்து, ஸ்கேனில் கட்டி எங்கே முடிகிறது, வீக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

கேள்வி: பயொப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. கட்டாயமா? மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்ட் போதாதா? ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்று பயப்படுகிறோம். அப்பாவின் உடம்பில் போர்க்காலத்து எறிகணைத் (செல்) துண்டும் இருக்கிறது.
– வாசகர், நெல்லியடி

பதில்: எம்.ஆர்.ஐ. முதலில்தான் எடுக்கவேண்டும். ஊசி போன பிறகு கட்டிக்குள்ளும் சுற்றிலும் இரத்தம் தங்கும், அது ஸ்கேனில் கட்டியைப் பெரிதாகக் காட்டும். எந்தத் தசைநாணைத் தொடுகிறது, உள்ளங்காலின் நரம்பும் நாடியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எலும்புக்குள் போயிருக்கிறதா என்பதெல்லாம் கலங்காத படத்தில்தான் தெரியும். ஊசி எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்பதையும் அந்தப் படம்தான் சொல்லும்.

படம் நன்றாக வரச் சில வழிகள் உண்டு. கால் முழுவதையும் ஒரே படத்தில் அடக்காமல், கட்டி இருக்கும் பாதத்தை மட்டும் சிறு கொயிலில் (பாதத்தைச் சுற்றி வைக்கும் எம்.ஆர்.ஐ. கருவிப் பகுதியில்) வைத்து எடுக்கவேண்டும். கட்டியின் மேல் ஒரு மீன் எண்ணெய்க் குளிசையை ஒட்டிவிட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக இடத்தைக் காட்டும். கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் சரிதானா என்று உறுதிசெய்வார்கள்.

எறிகணைத் துண்டை ஸ்கேன் அறைக்குள் போக முன்பே கட்டாயம் சொல்லவேண்டும். நம் ஊரில் அந்த நாட்களில் காயப்பட்ட பலர் "அது ஆறிப்போன விஷயம்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். கண்ணிலோ, மண்டைக்குள்ளோ, பெரிய இரத்தக்குழாயின் அருகிலோ இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று கதிரியல் நிபுணருக்குக் காட்டுங்கள், முடிவு அவருடையது. துண்டு அதே பாதத்தில் இருந்தால் படத்தில் அந்த இடம் கறுப்பாக அழிந்துபோகும். அப்படியானால் கொன்ட்ராஸ்ட் சி.டி.யும் அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

மெல்லிய ஊசி டெஸ்டில் தனித்தனிக் கலங்கள்தான் வரும். சார்கோமாவில் 50க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வகையையும் தரத்தையும் (எவ்வளவு மூர்க்கமானது என்பதையும்) சொல்லக் கலங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கவேண்டும், சாயச் சோதனைகளும் மரபணுச் சோதனையும் செய்யத் திசு வேண்டும். அதற்குத்தான் கோர் பயொப்சி: 14 அல்லது 16 கேஜ் ஊசியால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு, ஒரே துவாரத்தால் 4 முதல் 6 துண்டுகள் எடுப்பார்கள். நடுவில் செத்துப்போன பகுதி இருக்கும், அங்கிருந்து எடுத்தால் "போதிய திசு இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரியும் ஓரப் பகுதியைக் குறிவைக்கவேண்டும்.

பரவும் என்ற பயத்துக்கு வருவோம். ஊசி போன தடத்தில் நோய் வருவது மிக அரிது. தடத்தைச் சரியாக அமைத்தால் பெரிய ஒப்பரேசனில் அதையும் சேர்த்தே எடுத்துவிடலாம். அதனால் ஊசி ஏற்றும் இடத்தைத் தீர்மானிப்பவர், பிறகு ஒப்பரேசன் செய்யப்போகும் சத்திரசிகிச்சை நிபுணராகவே இருக்கவேண்டும். துவாரம் பின்னால் கீறப்போகும் கோட்டின் மேல் விழவேண்டும். நிறை தாங்கும் உள்ளங்கால் தோலைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். நல்ல தசைநாண் உறைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ ஊசி போகக்கூடாது, போனால் அதுவும் அசுத்தமான இடமாகிவிடும். கீறித்தான் துண்டு எடுக்கவேண்டும் என்றால் கீறல் காலின் நீளவாக்கில் இருக்கவேண்டும். குறுக்கே கீறிவிட்டால் பிறகு எடுக்கவேண்டிய தோலின் அகலம் கூடிவிடும், பாதத்தில் அவ்வளவு தோல் இல்லை. துவாரம் ஆறி மறைந்துபோகும், ஆகவே எடுத்த இடத்தை ஒரு படம் பிடித்து வைத்திருங்கள்.

துண்டு போகும் போத்தலையும் கவனியுங்கள். 10 வீத ஃபோமலின், துண்டின் பருமனைவிடக் குறைந்தது 10 மடங்கு. வெறும் சேலைனில் இரவு முழுவதும் கிடந்தால் திசு கெட்டுப்போகும், பிறகு மரபணுச் சோதனை சரிவராது. படிவத்தில் வயது, கட்டி இருந்த இடம், ஆழம், அளவு, எத்தனை மாதமாக வளர்கிறது, எம்.ஆர்.ஐ. முடிவு ஆகிய அனைத்தும் இருக்கவேண்டும். "கால் கட்டி" என்று மட்டும் எழுதிய படிவத்தை வைத்துப் பத்தோலஜி நிபுணர் என்ன செய்வார்? இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் போடுபவர்கள் ஊசிக்கு முன் சொல்லுங்கள், தாமாக நிறுத்தவேண்டாம்.

கேள்வி: மகளின் சின்னவிரலுக்குக் கீழே இருந்த கட்டியை "கொழுப்புக்கட்டி" என்று எடுத்தார்கள். மூன்று கிழமை கழித்து வந்த ரிப்போர்ட்டில் சைனோவியல் சார்கோமா, ஓரத்திலும் நோய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?
– தாய், மானிப்பாய்

பதில்: முடிந்துவிடவில்லை அம்மா. துண்டைப் பத்தோலஜிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதுவே பெரிய உதவி. ஆனால் "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, பார்த்துக்கொண்டிருப்போம்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். இப்படித் தெரியாமல் எடுத்தவர்களில் மறுபடி அந்த இடத்தை எடுத்துப் பார்த்தபோது, ஆய்வுகளைப் பொறுத்து, மூன்றில் ஒருவர் முதல் மூன்றில் இருவர் வரை உள்ளே நோய் மிஞ்சியிருந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களிலும் இருந்திருக்கிறது.

இந்தக் கிழமையே செய்யவேண்டியவை சில. எடுத்த இடத்திலிருந்து ஒப்பரேசன் குறிப்பின் பிரதியை வாங்குங்கள்: எவ்வளவு ஆழம், கட்டி உடைந்ததா, முழுதாக வந்ததா, இரத்தம் வடியக் குழாய் எந்தத் துவாரத்தால் விட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். எடுக்க முன் செய்த ஸ்கேன் எதுவானாலும் சேகரியுங்கள். ஆய்வுகூடத்திலிருந்து சிலைட்டுகளையும் மெழுகு பிளொக்குகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சார்கோமாவில் முதல் ரிப்போர்ட்டை அனுபவமுள்ள இன்னொருவர் பார்த்து மாற்றி எழுதுவது புதிதல்ல. சைனோவியல் சார்கோமாவை உறுதிப்படுத்த டி.எல்.இ.1 என்ற சாயம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. எஸ்.எஸ்.18 என்ற மரபணு உடைந்து எஸ்.எஸ்.எக்ஸ். உடன் இணைந்திருப்பதைக் காட்டும் சோதனையே முடிவானது. இந்த நோயாளிகளில் 95 வீதத்துக்கும் மேலானோரில் அந்த இணைவு உண்டு. பிளொக் என்பது எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் பரபின் மெழுகு. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்தட்டில் வைத்துவிட்டுப் போனால் இளகிவிடும். சிறு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

பிறகு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவிலோ பதிவு செய்யுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. எந்தச் சோதனை இங்கே நடக்கும், எதற்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். எம்.ஆர்.ஐ.யோடு நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் கட்டாயம், ஏனென்றால் சார்கோமா முதலில் பரவுவது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான். முதல் வெட்டின் தழும்பு, குழாய் விட்ட துவாரம், இரத்தம் கட்டிய இடம் எல்லாவற்றையும் ஒரே துண்டாகச் சேர்த்து எடுப்பதே அடுத்த ஒப்பரேசன். சின்னவிரலின் அடியில் என்றால், அந்த விரலையும் அதன் பின்னெலும்பையும் சேர்த்து எடுத்துப் பாதத்தின் மீதியைக் காப்பாற்றுவது பல இடங்களில் சாத்தியம். ஐந்தாம் விரல் வரிசை இல்லாமல் மனிதர் நன்றாக நடக்கலாம். சப்பாத்தின் உள்ளே அந்தப் பக்கத்தை நிரப்பினால் போதும்.

சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டுபோக நினைத்தால் தடையில்லை. பயொப்சியை இங்கே ஒருவர், ஒப்பரேசனை அங்கே ஒருவர், கதிர்வீச்சை மறுபடி இங்கே இன்னொருவர் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் பிரிப்பதுதான் ஆபத்து. எங்கே போனாலும் முழுத் திட்டத்தையும் ஒருவர் பொறுப்பெடுத்து எழுதித் தரவேண்டும்.

கேள்வி: ஒரு ரிப்போர்ட்டில் மெலனோமா, இன்னொன்றில் கிளியர் செல் சார்கோமா என்று வந்திருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இரண்டும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தெரியும், எஸ்-100, எச்.எம்.பி.-45 என்ற சாயங்கள் இரண்டிலும் பிடிக்கும். அதனால் இரண்டு ரிப்போர்ட்டையும் எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். பிரிப்பது மரபணுச் சோதனை. ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 மரபணு உடைந்திருந்தால் கிளியர் செல் சார்கோமா. மெலனோமாவில் அது உடைவதில்லை. நோய் இருந்த இடமும் துப்புத் தரும். மெலனோமா தோலில் தொடங்கும். கிளியர் செல் சார்கோமா தோலுக்குக் கீழே, தசைநாணையும் உள்ளங்கால் சவ்வையும் பற்றிக்கொண்டு வரும்.

பிரித்தறிவது மருந்துக்காக. மெலனோமாவில் பயன்படும் சில புதிய மருந்துகள் கிளியர் செல் சார்கோமாவில் அதே பலன் தருவதில்லை. வழமையான கீமோவும் அதற்குப் பெரிதாக மசியாது, ஒப்பரேசனையே நம்பவேண்டும். மற்றச் சார்கோமாக்கள் அநேகமாக நிணநீர்க் கணுக்களுக்குப் போவதில்லை, இது போகும். ஆகவே முழங்காலின் பின்பக்கத்தையும் கவட்டையும் அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் திட்டம் போடக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. பெருவிரலடியில் புண் எட்டு மாதமாக ஆறவில்லை. மருந்து கட்டிக்கொண்டே இருக்கிறோம். இதுவும் புற்றுநோயாக இருக்குமா?
– வாசகி, காரைநகர்

பதில்: பெரும்பாலும் நீரிழிவுப் புண்தான். ஆனால் எட்டு மாதம் என்பது கூட. நிறை படாமல் காத்து, சீனியைக் கட்டுப்படுத்தி, இரத்த ஓட்டமும் சரியாக இருந்து, நான்கு கிழமையில் புண் பாதியாகக்கூடச் சுருங்கவில்லை என்றால் காரணத்தைத் தேடவேண்டும். ஓரம் தடித்து மேலெழுந்தால், தொட்டவுடன் இரத்தம் வந்தால், கறுப்பு நிறம் பரவினால் இன்னும் அவசரம். 4 மில்லிமீற்றர்ப் பஞ்ச் பயொப்சியை (வட்டக் கத்தியால் எடுக்கும் சிறு துண்டை) புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் சீழும் செத்த திசுவும்தான் வரும். ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இப்படி வெளிப்படுவது தோல் புற்றுநோயோ மெலனோமாவோ ஆக இருப்பதுதான் கூடுதல். சார்கோமாவில் எபிதீலியோயிட் என்ற வகை ஆறாத புண்ணாகவே வரும். அதைக் கண்டுபிடிக்க ஐ.என்.ஐ.1 என்ற சாயம் செய்வார்கள், அந்தப் புரதம் கலங்களில் இல்லாமல் போயிருக்கும்.

கேள்வி: பாதத்தில் சார்கோமா என்றால் காலை எடுத்தேயாகவேண்டுமா? எடுத்தால் உயிர் நிச்சயமாகத் தப்புமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டு கேள்விக்கும் பதில் "இல்லை" என்பதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் 1982இல் வெளியிட்ட ஆய்வில் காலையோ கையையோ முழுதாக எடுத்தவர்களையும், கட்டியை மட்டும் அகலமாக எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆயுளில் வித்தியாசம் காணவில்லை. உயிரைத் தீர்மானிப்பது கட்டியின் தரம், அளவு, நுரையீரலுக்குப் போய்விட்டதா என்பவைதான்.

ஆனால் பாதம் தொடை அல்ல. கட்டியைச் சுற்றி ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நல்ல திசுவையோ, அல்லது உடையாத ஒரு தடித்த சவ்வையோ சேர்த்து எடுக்கவேண்டும். தொடையில் அந்த 1 சென்ரிமீற்றர் சதை. பாதத்தில் அதே அளவுக்குள் தசைநாண், நரம்பு, நாடி, எலும்பு எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. புறங்காலில் கட்டி என்றால் சில தசைநாண்களோடு எடுத்து, தொடையிலிருந்து இரத்தக்குழாயோடு தோலும் சதையும் கொண்டுவந்து மூடலாம். உள்ளங்காலில் வெறும் மெல்லிய தோல் ஒட்டு நிற்காது, நடக்க நடக்கக் கிழியும். அங்கே நிறை தாங்கக்கூடிய சதையே வேண்டும். இப்படிக் கொண்டுவந்த சதை நீலமாகவோ வெளுத்தோ போனால் அடுத்த காலை ரவுண்ட் வரும்வரை காத்திராமல் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மணித்தியாலங்களுக்குள் இரத்தக்குழாயைத் திறந்தால்தான் அதைக் காப்பாற்றலாம். புகைப்பவர் ஒப்பரேசனுக்குப் பல கிழமைக்கு முன்பே விடவேண்டும். விடாவிட்டால் நிபுணர் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சதை செத்துப்போகலாம்.

ஒட்டிய சதைக்கு உணர்ச்சி இராது. தினமும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தால் வெந்தது தெரியாமலே கொப்புளம் போடும். விடியற்காலைப் பூசைக்குப் போங்கள்.

குதிக்கால் மெத்தை முழுவதையும் நோய் பிடித்திருந்தால், உள்ளங்காலின் பிரதான நரம்பைச் சுற்றியிருந்தால், பாதத்தின் பல தசை அறைகளுக்குள் பரவியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதே நல்ல வழி. கேட்கவே கஷ்டமான விஷயம்தான். ஆனாலும் நோவும் புண்ணுமாக ஒரு பாதத்தை வைத்து இழுபடுவதைவிட, முழங்கால் மூட்டு மிஞ்சியிருக்கும் நல்ல தண்டில் (எடுத்த பின் மிஞ்சும் காலில்) செயற்கைக் கால் போட்டவர் கூடத் தூரம் நடக்கிறார், சைக்கிளும் ஓடுகிறார். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் நெடுங்காலமாக இந்த வேலை செய்கிறது. ஒப்பரேசனுக்கு முன்பே அங்கே போய், அப்படி நடப்பவர் ஒருவரோடு பேசுங்கள். எடுத்த பின் தண்டைத் தலையணையில் மடித்து வைக்கக்கூடாது. முழங்கால் மடங்கியே இறுகிப்போனால் செயற்கைக் கால் பொருந்தாது.

கேள்வி: கதிர்வீச்சு ஒப்பரேசனுக்கு முன்னா, பின்னா? தினமும் படகில் வந்துபோக முடியுமா?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: முன் என்றால் வழமையாக 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 தடவை, கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து கிழமை. முடிந்து 4 முதல் 6 கிழமையில் ஒப்பரேசன். பின் என்றால் காயம் நன்றாக ஆறிய பிறகு 60 முதல் 66 கிரே, ஆறு கிழமைக்கு மேல். 2002இல் வெளிவந்த கனடிய ஆய்வில் முன் கொடுத்தவர்களில் 35 வீதமானோருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் வந்தது, பின் கொடுத்தவர்களில் 17 வீதம். ஆனால் பின் கொடுப்பதில் அளவும் பரப்பும் கூட. வருடங்கள் போகக் கால் இறுகும், வீங்கும், மூட்டு மடங்காது. காயம் பெரும்பாலும் ஆறிவிடும், இறுகின பாதம் இளகாது. அதனால் வளரும் வயதுக்காரருக்கும் வேலைக்குப் போகவேண்டியவருக்கும் முன் கொடுப்பதையே நாங்கள் விரும்புகிறோம். சதை ஒட்டவேண்டிய இடத்தில் சத்திரசிகிச்சை நிபுணரின் விருப்பத்தையும் கேட்கவேண்டும்.

படகில் தினமும் வருவதை நினைக்கவேண்டாம். கடல் கொந்தளித்தால் நாள் தவறும், இடையில் நாட்கள் விடுபட்டால் சிகிச்சையின் பலன் குறையும். தெல்லிப்பழைக்கு அண்மையில் உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் விடுதி அனுமதி பற்றிக் கிளினிக்கில் முதல் நாளே கேளுங்கள். அந்த நாட்களில் பாதத்தில் மஞ்சள், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் பூசவேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள். நான்காம் ஐந்தாம் கிழமையில் உள்ளங்கால் தோல் உரியும், நிறை வைக்க முடியாது. ஊன்றுகோலை முன்கூட்டியே பழகி வைத்திருங்கள்.

கேள்வி: மகனுக்குக் கீமோ என்கிறார்கள். 19 வயது. எதைக் கவனிக்கவேண்டும்?
– தந்தை, சங்கானை

பதில்: கட்டி பெரிதாக, ஆழமாக, தரம் 3 (மிக மூர்க்கமான தரம்) ஆக இருந்தால் டொக்சோருபிசினும் ஐபோஸ்பமைட்டும் யோசிப்பார்கள். சைனோவியல் வகைக்கு இவை ஓரளவு மசியும். எல்லாச் சார்கோமாவுக்கும் கீமோ தேவையில்லை, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐபோஸ்பமைட் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும். முதல் ஊசிக்கு முன்பே விந்தணு சேமிப்புப் பற்றிப் பேசவேண்டும், வெட்கத்தில் தள்ளிப்போட்டால் பிறகு வழியில்லை. டொக்சோருபிசின் இதயத்தை வருத்தும், அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துத் தொடங்குவார்கள். ஒரு சதுர மீற்றர் உடற்பரப்புக்கு 75 மில்லிகிராம் வீதம் ஆறு முறை கொடுத்தால் 450 ஆகிவிடும். வாழ்நாளுக்கான எல்லை அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. எங்கே எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைக் கொப்பியில் வைத்திருங்கள்.

டொக்சோருபிசின் ஏற்றி ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். ஐபோஸ்பமைட் நாட்களில் எரிவோடு இரத்தம் போனால் அது சலப்பைப் புண், உடனே சொல்லவேண்டும். அதைத் தடுக்கத்தான் மெஸ்னா என்ற மருந்தும் நிறையச் சேலைனும் கொடுக்கிறார்கள். பேச்சுத் தடுமாறினால், பகலிலும் தூங்கி வழிந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடுச்சாமமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒப்பரேசன் செய்து ஆறு வருடம். ஒரு குறையும் இல்லை. இன்னும் கிளினிக்குக்குப் போகவேண்டுமா? அடுத்த வருடம் கனடா போகிறேன்.
– வாசகி, உரும்பிராய்

பதில்: போகவேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பதே வழமை. சைனோவியல், கிளியர் செல் இரண்டும் பத்து வருடம் கழித்தும் திரும்பி வரக்கூடியவை. போகும்போது பாதத்தைத் தடவிப் பார்ப்பதோடு, முழங்காலின் பின்பக்கமும் கவடும் பார்க்கவேண்டும், நெஞ்சுக்குப் படம் எடுக்கவேண்டும். நுரையீரலில் ஒன்றிரண்டு முடிச்சாக இருக்கும்போதே கண்டால் அவற்றை வெட்டி எடுத்துக் குணமானவர்கள் உண்டு. இருமலும் இளைப்பும் வரும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

கனடாவுக்குக் கொண்டுபோகவேண்டியவை: பத்தோலஜி ரிப்போர்ட், மரபணுச் சோதனை முடிவு, ஒப்பரேசன் குறிப்பு, கதிர்வீச்சின் மொத்த அளவும் பரப்பும், கீமோவின் கணக்கு, எல்லா ஸ்கேனும் அடங்கிய இறுவட்டு. பிளொக் இங்கே ஆய்வுகூடத்தில் இருக்குமானால் அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே புது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.